பித்தளைக் குழல் வெரி பிஸ்டல்: முதலில் உப்பு, பிறகுதான் துரு

மேசையில் இருப்பது முதல் உலகப் போர்க்காலத்து 1 அங்குல பிரிட்டிஷ் ஃப்ளேர் பிஸ்டல், வானில் ஒளிச் சைகை சுடுவது. பர்மிங்காமின் வெப்லி அண்ட் ஸ்காட் செய்த வகை. பித்தளைக் குழல், எஃகில் விசைப் பாகங்கள், இரண்டு துண்டாக வால்நட் பிடி. குழலின் வாயோரத்தில் பச்சைக் களிம்பு, பின்முகத்தில் (தோட்டாவின் அடியைத் தாங்கும் பரப்பில்) கறுப்பு அப்பல், சுத்தியில் (விசையை இழுத்ததும் அடிக்கும் பாகத்தில்) செந்துரு. பிடி ஸ்க்ரூ அசையவில்லை. கீல் பாதி திறந்து அங்கேயே நிற்கிறது. தோல் உறைக்குள் நெடுங்காலம் கிடந்தவை பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் வந்து சேரும்.

இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததும் கை துருவின் மேல்தான் போகும். துரு வெளியில் தெரியும் விளைவு மட்டுமே. அதை வளர்ப்பது உள்ளே படிந்திருக்கும் உப்பு. சாதாரணத் துப்பாக்கிக்கும் ஃப்ளேர் பிஸ்டலுக்கும் பராமரிப்பில் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். அமெரிக்கக் கடற்படை அதிகாரி எட்வர்ட் வெரி 1877இல் தன் சைகை முறையைக் கொண்டுவந்ததிலிருந்து ஃப்ளேர் தோட்டாவின் அடிப்படை அதிகம் மாறவில்லை. உந்துவதற்குக் கொஞ்சம் கருமருந்து, எரிந்து ஒளிர ஒரு வில்லை. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு, பச்சைக்கு பேரியம் உப்பு. ஆக்சிஜன் தர நைட்ரேட், பல கலவைகளில் பொட்டாசியம் குளோரேட்டோ பெர்குளோரேட்டோ. அந்தக் காலத்து ப்ரைமரிலும் (தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் மருந்திலும்) குளோரேட் உண்டு. எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, கார்பனேட், சல்பேட், சல்பைடு. இவற்றில் சில காற்றின் ஈரத்தை இழுத்துத் தாமே கரைபவை. கப்பலில் இருந்த பிஸ்டல் என்றால் கடல் உப்பும் சேர்ந்திருக்கும்.

எண்ணெய் உப்பைக் கரைக்காது. கரைப்பது தண்ணீர் மட்டுமே. துருவைத் தேய்த்து எண்ணெய் பூசி வைத்த பிஸ்டல் ஆறு மாதத்தில் அதே புள்ளிகளில் மறுபடி துருப்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்: உப்பின் மேல் எண்ணெயால் மூடி போட்டாயிற்று, அவ்வளவே.

தொடங்கும் முன் ஒன்று. இது காட்சிக்கும் சேகரிப்புக்கும் ஒரு பொருளை நிலைப்படுத்தும் வேலை; சுடுவதற்குத் தயார்செய்யும் வேலை அல்ல. ஃப்ளேர் பிஸ்டல் குறைந்த அழுத்தத்துக்குக் கட்டப்பட்டது. நூறு வயதான பித்தளையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். உள்ளே செருகுகுழல் போட்டு வேறு தோட்டா சுடும் யோசனை ஆளுக்கும் ஆபத்து; பல நாடுகளில் அந்தப் பொருளின் சட்ட வகையையே அது மாற்றிவிடும். செயலிழக்கச் செய்யப்பட்ட பிஸ்டலாக இருந்தால் அந்த வெட்டையும் பற்றவைப்பையும் முத்திரையையும் தொடக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 ஏப்ரல் 8 முதல் இதற்குப் பொதுவான தொழில்நுட்ப விதிகளும் சான்றிதழும் உண்டு. சான்றிதழ் இல்லாமல் கைமாறினால் சிக்கல் வாங்குபவருக்கும்தான்.

உள்ளே தோட்டா இருக்கிறதா

கீல் இறுகி முழுதாகத் திறக்காத பிஸ்டலை எப்போதும் உள்ளே தோட்டா இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்து, பக்கவாட்டில் நின்றபடி, மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விடவும், இடிக்கக் கூடாது. நின்ற இடத்தில் வாயோடு ஒட்டிக் குச்சியில் கோடு போட்டு வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குச்சி பின்முகம் வரை போயிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தாலே வேலையை நிறுத்த வேண்டும். குளவிக் கூடாகவும் இருக்கலாம், தோட்டாவாகவும் இருக்கலாம். நெம்பிப் பார்ப்பது, எண்ணெய் ஊற்றுவது, சூடாக்குவது எதுவும் வேண்டாம். காவல்துறை வழியாக வெடிபொருள் செயலிழப்புப் பிரிவை அழைப்பதுதான் வழி. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த பழைய கலவைகள் உராய்வுக்கே பற்றக்கூடியவை. மெக்னீசியம் கலந்த வில்லை ஈரம் குடித்தால் ஹைட்ரஜனை வெளிவிடும். மூடிய தோட்டாவுக்குள் அது தேங்கும். பிஸ்டலோடு உறையில் தனியாகக் கிடக்கும் பழைய தோட்டாவுக்கும் இதே விதிதான்.

படம், முத்திரை

துடைக்கும் முன் படம். நேர் ஒளியில் முத்திரைகள் மறைந்துவிடும். விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் வைத்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். பிரிட்டிஷ் பிஸ்டலில் பார்க்க வேண்டியவை: தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, மார்க் எண், அரசுச் சொத்தைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறி, கிரீடத்தின் கீழ் எழுத்தும் எண்ணும் கொண்ட பரிசோதகர் முத்திரை. இரண்டு அம்புகள் முனையோடு முனை எதிரெதிராக இருந்தால் அந்தப் பொருள் படையிலிருந்து விற்கப்பட்டு வெளியே வந்தது. ஜெர்மன் பிஸ்டலில் பெயருக்குப் பதில் சங்கேதம் இருக்கும்: ஏசி என்றால் வால்தர், ஏஒய்எஃப் என்றால் எர்மா, டியுவி என்றால் பெர்லின்-லூபெக் தொழிற்சாலை.

முத்திரைகளின் விளிம்பு இங்கே முக்கியம். மோட்டார் சக்கரத்தில் மெருகேற்றிய பித்தளையில் எழுத்தின் ஓரங்கள் சரிந்து, எழுத்தைச் சுற்றி ஆழமற்ற குழி விழுந்திருக்கும். அதை எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அலங்காரத்துக்காகப் புதிதாக வார்த்த பித்தளைப் போலிகளில் எழுத்தும் வார்ப்பிலேயே வந்திருக்கும்; அடித்த முத்திரையில் காணும் கூர்மையும், அடிக்கு அடி ஏறி இறங்கும் ஆழமும் இருக்காது. சிலவற்றில் எழுத்துக் குழிக்குள் மட்டும் கறுப்புப் பூச்சு மிஞ்சியிருக்கும். அது அழுக்கல்ல, பிஸ்டல் அணிந்திருந்த நிறத்துக்கு எஞ்சிய ஒரே சாட்சி. குச்சியால் தோண்டிவிட வேண்டாம்.

பிரித்தல்

நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் தேவை. அப்பலில் பேரியம் உப்பு இருக்கும். கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. பழைய ப்ரைமரிலிருந்து பாதரசமும் ஈயமும் படிந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டால் அவ்வளவும் மூச்சில் ஏறும். எல்லாமே ஈரமாக்கித்தான்.

ஸ்க்ரூவின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் இணைப்பக்க முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடங்கக் கூடாது. கடையில் கிடைக்கும் சாதாரண டிரைவரின் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும்; திருப்பும்போது மேலேறி வந்து பள்ளத்தின் உதட்டைக் கிழிக்கும். முனையைக் கல்லில் தேய்த்து, பள்ளத்தின் அடிவரை இறங்கி ஆடாமல் நிற்கும்படி செய்துகொள்ளவும். கிழிந்த ஒரே ஒரு ஸ்க்ரூ தலை, மற்ற எல்லா வேலையையும் விட அதிகமாக விலையைக் குறைக்கும்.

பிடி ஸ்க்ரூ அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெயை நேரே ஊற்றுவது வழக்கம். இங்கே அது வேண்டாம். எண்ணெய் வால்நட்டில் ஊறிக் கருந்திட்டாக நின்றுவிடும். அசிட்டோன் கலந்த எதுவும் மரத்தின் பழைய மெருகைக் கரைத்துவிடும். அதற்குப் பதிலாக 40 அல்லது 60 வாட் சால்டரிங் அயர்ன். ஸ்க்ரூ தலையைச் சுற்றிலும் துளையிட்ட அட்டை, அதன் மேல் அலுமினியத் தாள். அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் மட்டும் ஒன்று இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து, எடுத்து, முழுதாக ஆறவிடவும். சூட்டில் விரிந்து ஆறுகையில் சுருங்கும்போது துருவின் பிடி உடைகிறது. மூன்று நான்கு முறை செய்தபின், முதலில் முடுக்கும் பக்கமாகச் சற்றே அழுத்தி, பிறகு கழற்றும் பக்கம் திருப்பவும். மரத்திலிருந்து வாசனை வந்தால் அயர்னை உடனே எடுத்துவிட வேண்டும்.

பிடி கழன்றபின் உலோகத்தில் இறுகியிருக்கும் மற்ற ஸ்க்ரூக்களுக்கு அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் சம அளவு கலந்து சொட்டு சொட்டாக விடலாம். இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரம் விட்டு வைக்கவும், திறந்த காற்றில், தீ அருகில் இல்லாமல். பூச்சின் மிச்சம் இருக்கும் பகுதியில் இந்தக் கலவை படக்கூடாது. டார்ச் சுடர் எந்தக் கட்டத்திலும் வேண்டாம்: எஃகின் பதம் போகும், பித்தளையின் படலம் போகும்.

பின்களைத் தட்டும் முன் இரு முனையின் விட்டத்தையும் வெர்னியரில் அளக்கவும். சரிவுப் பின்னாக இருந்தால் சிறிய முனையிலிருந்துதான் தட்ட வேண்டும். பின்னை விட ஓர் இழை சிறிய பித்தளை பஞ்ச், 100 கிராம் அளவில் சின்னச் சுத்தியல், அடியில் மரக்கட்டை. எஃகு பஞ்ச் வழுக்கினால் பித்தளையில் விழும் வடு நிரந்தரம்.

மெயின் ஸ்பிரிங் பட்டையாக மடித்த வகையாக இருந்தால் அதற்கான கிளாம்பில் பிடித்து எடுக்கவும். சுத்தி முழுதாக இழுபட்ட நிலையில் ஸ்பிரிங் எவ்வளவு மூடியிருக்குமோ அதைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூட அழுத்தக் கூடாது. துருக்குழி விழுந்த ஸ்பிரிங் அந்தக் குழியிலிருந்துதான் முறியும். எடுக்கவே வரவில்லை என்றால் இருந்த இடத்திலேயே கழுவி உலர்த்தி விடுவது நல்லது. எல்லாவற்றையும் பிரித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரே மாதிரித் தெரியும் ஸ்க்ரூக்கள் ஒன்றுக்கொன்று மாற்றானவை அல்ல, கையால் பொருத்தியவை. பிஸ்டலின் கோட்டுப்படத்தை அட்டையில் வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஸ்க்ரூவைக் குத்தி வைத்துவிட்டால் குழப்பம் வராது.

உப்பை எடுத்தல்

பித்தளையும் எஃகும் தனித்தனித் தொட்டியில். ஒரே நீரில் ஒட்டிக் கிடந்தால் மின்கலம் போல வேலை செய்து எஃகு வேகமாகத் தின்னப்படும். தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

பித்தளைக்கு: பாகம் முழுகும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர், குழலுக்கு 2 லிட்டர் போதும், 50 முதல் 60 டிகிரி செல்சியஸ். முதல் தடவை மட்டும் அயனற்ற டிடர்ஜென்ட் சில சொட்டு விட்டு, நைலான் மென்பிரஷ்ஷால் அப்பலைத் தளர்த்தவும். கெட்டியான இடத்தில் மூங்கில் குச்சி. கருமை முழுவதும் போக வேண்டியதில்லை. கரையாத கறுப்புப் படலம் தாமிர சல்பைடு, அதனால் கெடுதல் எதுவும் இல்லை. கரையும் உப்பு வெளியேறினால் போதும்.

போதுமா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. குடிநீர் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) ஒன்று வைத்துக்கொள்ளவும். புதிய வடிநீர் 0 முதல் 2 பிபிஎம் காட்டும். டிடர்ஜென்ட் நீரைக் கொட்டி அலசியபின், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி, மாற்றும் முன் அளவு எடுக்கவும். முதல் தண்ணீரில் எண் வேகமாக ஏறும், பிறகு தளரும். 24 மணி ஊறியும் 5 பிபிஎம்முக்கு மேல் ஏறவில்லை என்றால் நிறுத்தலாம். ஒரு நாள் நின்று அடுத்த நாள் மறுபடி ஏறுவதும் உண்டு. கீல் துளையிலும் மரைக்குள்ளும் இருந்த உப்பு தாமதமாக வெளியேறுவதே காரணம். அதனால் அடுத்தடுத்து இரண்டு தண்ணீரில் எண் நிலையாக இருக்க வேண்டும்.

எஃகை வெறும் வடிநீரில் ஊறவைத்தால் மாலைக்குள் செந்நிறமாகிவிடும். அதற்கு 1 லிட்டருக்கு 50 கிராம் சோடியம் கார்பனேட். அந்தக் காரத்தில் எஃகு துருப்பிடிக்காது, குளோரைடு மட்டும் மெல்ல வெளியே வரும். இங்கே டிடிஎஸ் மீட்டர் உதவாது, கரைசலே உப்பு என்பதால். 100 மில்லி வடிநீரில் 1.7 கிராம் சில்வர் நைட்ரேட் கரைத்து வைத்துக்கொள்ளவும். தொட்டி நீரில் ஒரு தேக்கரண்டி எடுத்து, நுரை அடங்கும்வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் சொட்டி, பிறகு சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. பால் போல வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. அமிலம் விடாமல் சோதித்தால் கார்பனேட்டே வீழ்படிவாகி ஏமாற்றும். ஒப்பிடுவதற்கு, பாகம் போடாத புதிய கரைசலிலும் ஒரு சோதனை செய்து வைக்கவும். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்து, நாள்கணக்கில் போகாது.

எஃகு

சுத்தி, விசை, பூட்டு நெம்புகோல், கயிறு கட்டும் லேன்யார்டு வளையம். இவற்றில் ப்ளூயிங் எனப்படும் நீலக்கருப்புப் படலம் எங்காவது மிஞ்சியிருந்தால் வினிகர், பாஸ்பாரிக் அமிலம், துரு நீக்கும் ஜெல் மூன்றையும் மறந்துவிடலாம். ப்ளூயிங்கும் ஓர் இரும்பு ஆக்சைடுதான்; அமிலம் துருவை மட்டும் தனியாகப் பிரித்துத் தின்னாது. ஸ்பிரிங் விஷயத்தில் இன்னும் கடுமை: கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனைக் குடித்து நொறுங்கும் தன்மை பெறும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது நன்றாகவே இருக்கும், பொருத்தி அழுத்தும்போது முறியும்.

செந்துருவைக் கருந்துருவாக மாற்றுவதே இங்கே பொருத்தம். கார்பனேட்டை நன்றாக அலசி, வடிநீரில் 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவிடவும். சிவப்பு ஆக்சைடு கறுப்பு மேக்னடைட்டாக மாறி வெல்வெட் போல நிற்கும். அதைச் சூட்டோடு உலர்த்தி, அசிட்டோனில் எண்ணெய் நீக்கிய நான்கு பூஜ்ய (0000, மிக மெல்லிய) எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் தடவினால் தளர்ந்த பொடி போய், ஒட்டிய கறுப்பு மட்டும் நிற்கும். செதில் தடிமனாக இருந்தால் இரண்டாவது கொதி. கொதித்தும் சிவப்பாகவே நிற்கும் இடம் செதில் தூக்கிய இடம். அடியில் தண்ணீர் சேரவில்லை. அங்கே மட்டும் மரக்குச்சியால் செதிலைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி. பஞ்சில் எண்ணெய் இருந்தால் கறுப்பு திட்டுத்திட்டாக வரும். புதிய பஞ்சைத் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் விற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மின்பகுப்பு முறையை வெறும் இரும்புப் பண்ணைக் கருவிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். முத்திரையும் படலமும் உள்ள பொருளில் அது எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும்.

பித்தளை

புளிப்பான எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்ட பித்தளை இளஞ்சிவப்பாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். துத்தநாகம் மேற்பரப்பிலிருந்து கரைந்து, தாமிரம் தனியாக நிற்கிறது. அந்த அமிலத்திலேயே எஃகுப் பாகத்தையும் போட்டால் கரைந்த தாமிரம் எஃகின் மேல் செம்பு முலாம் போல ஏறும்.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவம் இன்னும் மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலங்களில் தாமாக விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், கூட்டை இழுத்துச் செய்யும்போது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். ஃப்ளேர் பிஸ்டலின் குழலும் பித்தளைதான், அதிலும் குளிர்நிலையில் வடிவமைத்த மெல்லிய பகுதி இருந்தால் அதே ஆபத்து அங்கும் உண்டு. பாட்டில் முகர்ந்தால் மூக்கில் ஏறுகிறதா? பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடவும்.

வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. சுத்தமான, உலர்ந்த குழலைச் சுத்த எத்தனாலால் நனைத்து உடனே துணியால் துடைக்கவும். மேற்பரப்பு நொடியில் உலரும். வெடிப்புக்குள் புகுந்த எத்தனால் மெல்லக் கசிந்து மயிரிழைக் கோடாகத் தெரியும். வாயோரத்தையும் கீல் காதையும் (கீலின் பின் நுழையும் துளையுள்ள நீட்டத்தையும்) லென்ஸ் வைத்துப் பார்க்கவும். சிவப்புச் சாயம் ஊடுருவும் சோதனைத் திரவத்தை எடுக்கத் தோன்றும். துருக்குழிகளில் அந்தச் சாயம் தங்கிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு.

களிம்பு இரண்டு வகை. வழவழப்பாக மெழுகு போல, கரும்பச்சையாக, தோல் உறை தொட்ட இடத்தில் இருப்பது தாமிரச் சோப்பு: தோலின் கொழுப்பமிலம் பித்தளையோடு சேர்ந்து உண்டாவது. ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைப்பானில்) நனைத்த பருத்தியில் கரைந்து வரும். மற்றது வெளிர்பச்சையாக, பொடியாக, குழிக்குள் புள்ளியாக இருப்பது. தாமிரக் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும் வெண்கல நோய் இதுதான். ஐயம் இருந்தால் மூடிய பெட்டியில் ஈரப் பஞ்சுடன், தண்ணீர் படாமல் 24 மணி நேரம் வைத்துப் பார்க்கவும். நோய் உயிரோடு இருந்தால் புதிய வெளிர்பச்சைப் புள்ளி முளைக்கும்.

முளைத்த இடத்தைக் கூரிய மூங்கிலால் சுத்தம் செய்து, வடிநீரில் மறுபடி ஊறவைத்து, எத்தனாலில் அலசி முழுதாக உலர்த்தவும். பிறகு 100 மில்லி எத்தனாலுக்கு 3 கிராம் பென்சோட்ரையசோல். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் 24 மணி. இந்தப் பொருள் தாமிரத்தோடு சேர்ந்து ஈரமும் குளோரைடும் நெருங்காத படலம் கட்டும். வெளியே எடுத்ததும் வெள்ளைப் படிகம் தெரிந்தால் எத்தனாலால் துடைத்துவிடலாம். நிறம் ஒரு நிழல் இருண்டாலும் கவலையில்லை. தோலில் படக்கூடாது, பொடியை முகரக்கூடாது, கழிவை வடிகாலில் ஊற்றக்கூடாது. நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு. உப்பு எடுக்காத பித்தளையில் இதைப் பூசுவது வீண். அடியில் குளோரைடு இருந்தால் சில வாரங்களில் படலத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

பித்தளையில் எஃகுப் பஞ்சு போடுபவர்கள் இருக்கிறார்கள். முறிந்த இரும்பு இழைகள் மென்மையான பித்தளையில் பதிந்து, பின்னால் துருப்புள்ளிகளாகப் பூக்கும். தேவையே என்றால் பருத்தித் துணி மட்டும். பளபளப்பு? முன்னே எவராவது மெருகேற்றியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும், தானாக மங்கும். மங்கிப் பழுத்த பித்தளையை மெருகேற்றுவதற்கு மட்டும் எந்தக் காரணமும் நல்ல காரணம் இல்லை.

பிடி

வால்நட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சிறிது ஈரமான துணியால் துடைப்பு, உட்பக்கத்தில் ஊறிய எண்ணெய்க்கு ஒயிட் ஸ்பிரிட், அமுங்கிய இடத்துக்கு ஈரத்துணி மேல் சால்டரிங் அயர்ன் வைத்து ஒரு நொடி நீராவி. முத்திரை உள்ள இடத்தில் நீராவி வேண்டாம். அடித்த எழுத்தும் அமுங்கல்தான், அதுவும் எழும்பிவிடும். மணல் காகிதம் வேண்டவே வேண்டாம்: மரமும் உலோகமும் சேரும் கோடு உயரம் மாறினால் பிடி வேறு பிஸ்டலிலிருந்து வந்தது போலத் தெரியும்.

அலுமினியமும் துத்தநாகமும் வந்தால்

மேலே சொன்னதை வால்தர் வகை ஜெர்மன் பிஸ்டலுக்கு அப்படியே செய்துவிடக் கூடாது. 1930களின் மாதிரிகள் அலுமினியக் கலவை. போர் இழுத்துக்கொண்டு போனபோது எஃகிலும் துத்தநாகக் கலவையிலும் செய்தார்கள். பூச்சுக்கு மேலே மூன்றும் ஒன்று போலத் தெரியும். காந்தம் எஃகைக் காட்டிக்கொடுக்கும். மற்ற இரண்டுக்கும் தராசு: கழற்றிய குழலை முதலில் காற்றிலும், பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முழுகத் தொங்கவிட்டும் எடை போடவும். காற்றில் 300 கிராம் உள்ள துண்டு தண்ணீரில் சுமார் 107 கிராம் குறைந்தால் அடர்த்தி 2.8, அலுமினியம். 46 கிராம் அளவுக்குக் குறைந்தால் 6.5, துத்தநாகம். எஃகுப் பின்னும் பட்டையும் ஒட்டியிருந்தால் எண் கொஞ்சம் நகரும், ஆனால் குழப்பும் அளவுக்கு அல்ல.

அலுமினியத்துக்குச் சோடியம் கார்பனேட் தொட்டி கூடாது, காரம் அதை அரித்துச் சாம்பல் நிறமாக்கும். வடிநீர் மட்டும், வெதுவெதுப்பாக. வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷால் எடுத்தால் அடியில் குழி தெரியும், அதோடு விட்டுவிட வேண்டும்.

துத்தநாகம் வேறு கதை. 1929இல் நியூ ஜெர்சி சிங்க் நிறுவனம் ஜமாக் எனப்படும் துத்தநாக வார்ப்புக் கலவைகளைக் கொண்டுவந்தபோதே அதிதூய துத்தநாகம் வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஈயம், காட்மியம், தகரம் சிறிதளவு கலந்தாலும் உலோக மணிகளின் எல்லை வழியே அரிப்பு உள்ளுக்குள் ஓடும். போர்க்கால நெருக்கடியில் அந்தத் தூய்மை எப்போதும் காக்கப்படவில்லை. பாகம் வீங்கும், கீல் இறுகும், மேற்பரப்பில் சிலந்திவலைக் கோடு விழும். இதற்கு மருந்து கிடையாது. வீங்கிய பாகத்தின் பின்னைத் தட்டினால் கீல் காது உடையும், ஆகவே பிரிக்காமல் ஊறவும் விடாமல் உலர்ந்த பிரஷ், மெழுகு, வறண்ட பெட்டி. வாங்கும்போதே கோடு தெரிந்தால் வாங்காமல் விடுவது இன்னும் நல்லது.

மெழுகும் பெட்டியும்

ஹேர் டிரையரால், கையில் வைத்துக்கொள்ளும் சூடு தாண்டாமல் சூடேற்றி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை விரல்நுனி அளவு எடுத்துத் தடவவும். சூட்டில் மெழுகு குழிக்குள் இறங்கும். ஆறியபின் பருத்தித் துணியால் துடைத்து, இரண்டாவது பூச்சு. குழலின் உட்புறத்துக்கும் மெழுகுதான். மரக்குச்சியில் துணி சுற்றினால் எட்டும். உராயும் எஃகுப் பரப்புகளுக்கு மட்டும் அமிலமற்ற கனிம எண்ணெய் ஒரு துளி. தாவர எண்ணெய் பித்தளையில் அதே பச்சைச் சோப்பைத் தரும். பொருத்தும்போது கையுறை, வியர்வையிலும் குளோரைடு இருக்கிறது. ஸ்க்ரூக்களை முன்பிருந்த கோணத்தில் நிறுத்தினால் போதும், அதற்கு மேல் முடுக்க வேண்டாம். காட்சிக்கு வைக்கும்போது சுத்தி இறங்கிய நிலையில் இருக்கட்டும்; ஸ்பிரிங்குக்கு ஓய்வு.

அசல் தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிஸ்டலை அதற்குள் வைக்கக் கூடாது. இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். ஓக் மரப் பெட்டி அசிட்டிக் அமிலத்தை விடும், கம்பளித் துணி கந்தகத்தை விடும். பாலிஎதிலீன் நுரையும் அமிலமற்ற தாளும் போதும். ஈரப்பதம்தான் இழுபறி. வெண்கல நோய் 46 சதவீதத்துக்குக் கீழே அடங்கும், குறையக் குறைய உலோகத்துக்கு நல்லது. 40க்குக் கீழே போனால் வால்நட் சுருங்கி ஸ்க்ரூ துளையிலிருந்து பிளக்கத் தொடங்கும். 40 முதல் 45க்குள் நிறுத்துவது இரண்டுக்கும் சமரசம். சிலிக்கா ஜெல்லோடு சிறு ஹைக்ரோமீட்டரும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை திறந்து வாயோரம், கீல் காது, பின்முகத்தின் ஊசித்துளை மூன்றையும் லென்ஸில் பார்க்கவும். வெளிர்பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தால் அதன் மேல் மெழுகு பூசி மறைக்க வேண்டாம். ஒயிட் ஸ்பிரிட்டால் மெழுகை எடுத்து, அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி, மறுபடி வடிநீரும் டிடிஎஸ் மீட்டரும்.